கடுகைத் தாளிக்காமல் ஒரு சாஸ்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொரித்த மீனோ இறாலோ வாங்கினால், கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ள ஏதாவது வரும். வெள்ளையாக இருந்தால் டார்ட்டர் சாஸ். கெட்சப் நிறத்தில் இருந்து மூக்கில் ஏறினால் காக்டெயில் சாஸ். செங்கல் நிறத்தில், உள்ளே கடுகு மணியும் வெங்காயத்தாளின் பச்சையும் தெரிந்தால் அது ரெமுலாட். முதல் இரண்டும் அமெரிக்கா முழுக்கக் கிடைக்கும். மூன்றாவதை ருசியாகச் சாப்பிட வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வரவேண்டும், இல்லையென்றால் வீட்டில் செய்துகொள்ள வேண்டும். அந்தப் பெயரை ஒட்டி பாட்டிலில் விற்கிறார்களே, அதில் முக்கால்வாசி இனிப்புப் போட்ட மயோனைஸ். அதைச் சாப்பிட்டுவிட்டு ரெமுலாட் பிடிக்காது என்று சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரி. வீட்டுக்காரரின் வேலைக்காக லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகருக்கு வந்தபோது மீன் கிடைக்குமா என்ற கவலை இருக்கவில்லை. மெக்சிகோ வளைகுடா பக்கத்திலேயே இருக்கிறது. இறால், நீல நண்டு, சிப்பி எதற்கும் பஞ்சமில்லை. ஆனால் தென் லூசியானா கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். இறைச்சி சாப்பிடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்குக்குப் பங்கு, அதாவது கோயிலுக்குக் கோயில், பெரிய கொப்பரைகளில் மீன் பொரித்து விற்பார்கள். நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்பைச் சேர்ந்த ஆண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பார்கள். மற்றவர்கள் காரில் வரிசை கட்டி நின்று பொட்டலம் வாங்கிப் போவார்கள். அங்கே பொரிப்பது பெரும்பாலும் கடல் மீன் இல்லை, கெளுத்தி. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களின் குளங்களில் வளர்க்கப்பட்டு வருவது.

இதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தாங்கவில்லை. “ஏளா, கடல பக்கத்துல வச்சிக்கிட்டு கொளத்து மீனையா திங்க?” என்றாள் போனில். அவள் கேட்டதில் நியாயம் உண்டு. பாறை மீனுக்கும் விளமீனுக்கும் தொட்டுக்கொள்ள ஒன்றும் வேண்டாம்; உப்பும் மிளகாயும் போதும், மீனே பேசும். வளர்ப்புக் கெளுத்தி அப்படியில்லை. சதை மென்மையாக, வெள்ளையாக, வாசமே இல்லாமல் இருக்கும். மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்தால் மேலே நல்ல மொறுமொறுப்பு வரும், உள்ளே சப்பென்று இருக்கும். அந்தச் சப்பு சும்மா இருந்தால் குறை. புளிப்பும் காரமும் உள்ள ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் அதுவே வசதியாகிவிடும். அந்த வேலையை ரெமுலாட் மாதிரி எதுவும் செய்வதில்லை.

எனக்கு இதைக் காட்டித் தந்தவர் எதிர்வீட்டு அம்மா. எழுபதைத் தாண்டியவர், நியூ ஆர்லியன்ஸில் பிறந்து வளர்ந்தவர். இங்கே வயதில் மூத்த பெண்களைப் பேருக்கு முன்னால் ‘மிஸ்’ சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். பேரன் பேத்தி எடுத்திருந்தாலும் மிஸ்தான். என்னை அவர் ‘பேபி’ என்பார். தபால்காரரும் அவருக்கு பேபிதான். அளவு எதையும் அவர் எழுதிவைத்ததில்லை. பக்கத்தில் நின்று பார்த்து, கரண்டியை மனதில் அளந்து, வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டது நான். கேட்டவுடன் ஒரு கிண்ணம் தந்துவிடவும் மாட்டார். “இன்னைக்குக் கலந்தது இன்னைக்குத் தின்ன இல்ல பேபி, நாளைக்கு வா” என்பார். அந்த ஒரு நாளில்தான் பாதிச் சங்கதி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரெமுலாட் பிரான்சிலிருந்து வந்தது. அங்கே மயோனைஸில் கடுகு, கேப்பர் என்ற ஊறவைத்த பூமொட்டு, வெள்ளரிப்பிஞ்சு ஊறுகாய், மூலிகைகள் சேர்த்த வெளிறிய சாஸ் அது. டென்மார்க்காரர்கள் அதில் கறிப்பொடி வாசம் சேர்த்து மஞ்சளாக்கி, மீனுக்கும் ஹாட் டாக்குக்கும் போட்டுக்கொள்கிறார்கள். லூசியானாவுக்கு வந்ததும் மிளகாய், பாப்ரிகா என்ற காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள், வெங்காயத்தாள், செலரி எல்லாம் ஏறி வேறு ஆளாகிவிட்டது. இங்கேயும் இரண்டு வகை உண்டு. ஒன்று மயோனைஸ் போட்டது. வீடுகளில் அதிகம் செய்வது இது. இன்னொன்று மயோனைஸே இல்லாமல், கடுகும் எண்ணெயும் வினிகரும் மட்டுமே உடம்பாக உள்ளது. நியூ ஆர்லியன்ஸில் 1918-ல் தொடங்கிய ‘அர்னோஸ்’ உணவகத்தின் ‘ஷ்ரிம்ப் அர்னோ’ அந்த இரண்டாம் வகைக்குப் பேர்போனது: குளிர்ந்த அவித்த இறால், மேலே கடுகுக் காரமான சிவப்பு சாஸ். எது அசல் என்று இங்கே ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், சாப்பாடு ஆறிப்போகும். எனக்கு இரண்டும் வேண்டும். பொரித்ததற்கு மயோனைஸ் வகை, அவித்து ஆறவைத்ததற்கு எண்ணெய் வகை.

எந்த வகையானாலும் ருசியைத் தீர்மானிப்பது கடுகு. மயோனைஸைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். அது வெறும் ஏந்து பொருள். இங்கே போடுவது க்ரியோல் மஸ்டர்ட் என்ற கடுகு விழுது. ஹாட் டாக்கில் பிதுக்கும் பளீர் மஞ்சள் விழுது இல்லை. அது வெள்ளைக் கடுகில் மஞ்சள்தூள் போட்டுச் செய்வது. க்ரியோல் மஸ்டர்ட் பழுப்புக் கடுகைக் கரகரப்பாக உடைத்து வினிகரில் ஊறவைத்தது. நியூ ஆர்லியன்ஸில் 1889-ல் தொடங்கிய ஸட்டரேன்ஸ் நிறுவனத்தின் பாட்டில் இங்கே எந்தக் கடையிலும் இருக்கும். அதை வாங்கினால் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை, எதிர்வீட்டு அம்மாவே அதைத்தான் வாங்குகிறார். நான் மட்டும் வீட்டில் செய்கிறேன். காரணம், அந்தப் பழுப்புக் கடுகும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிற சின்னக் கடுகும் ஒரே இனம். பேட்டன் ரூஜில் இந்தியக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் வருஷம் முழுக்க சாஸ் செய்யலாம்.

ஒரே கடுகு என்றாலும் நாம் அதை நடத்துகிற விதம் நேர்மாறானது. நாம் காய்ந்த எண்ணெயில் போட்டு வெடிக்கவிடுகிறோம். வாசம் வருகிறது, காரம் வருவதில்லை. கடுகு மணிக்குள் காரம் தயாராக இருப்பதில்லை என்பதுதான் காரணம். சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் உள்ளே தனித்தனியாக இருக்கின்றன. மணி உடைந்து தண்ணீர் பட்டால் இரண்டும் சேரும். அப்போது பிறப்பதுதான் மூக்கில் ஏறும் அந்தக் காரம். எண்ணெயின் சூட்டில் நொதி செத்துவிடும், பிறகு எவ்வளவு மென்றாலும் சுள்ளென்று இருக்காது. ஆவக்காய் ஊறுகாயில் கடுகைப் பச்சையாகப் பொடித்துப் போடுகிறார்களே, அதன் முதல் வாய் நினைவிருந்தால் நான் சொல்வது புரியும்.

ஆகவே வறுக்காதீர்கள். வெந்நீரும் வேண்டாம். அரை கப் கடுகில் பாதியை மிக்ஸியில் இரண்டு மூன்று சுற்று விட்டு உடையுங்கள். மீதிப் பாதியை முழுசாகவே விடுங்கள், பல்லில் பட வேண்டும். கால் கப் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பிசறி பத்து நிமிஷம் வையுங்கள். இந்தப் பத்து நிமிஷத்தில்தான் காரம் உண்டாகிறது. பிறகு அரை கப் வினிகர். புளிப்பு நொதியின் வேலையை அடக்கி, உண்டான காரத்தைக் காப்பாற்றும். முதலிலேயே வினிகர் ஊற்றினால் சாதுவான கடுகு கிடைக்கும். குழந்தைகள் சாப்பிடுகிற வீட்டில் அப்படியே செய்யலாம். வெள்ளை ஒயின் வினிகர் நல்லது, ஆப்பிள் வினிகரும் பரவாயில்லை. ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சர்க்கரை, நசுக்கிய ஒரு பல் பூண்டு, ஒரே ஒரு கிராம்பைப் பொடித்துச் சேர்த்து கண்ணாடி ஜாடியில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மூடியைத் திறக்கும்போது மணிகள் வினிகரை எல்லாம் குடித்து உப்பியிருக்கும். வறண்டு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

முதல் இரண்டு நாள் அதைச் சுவைத்துப் பார்த்தால் கசக்கும். புதுக் கடுகு விழுதுக்கு அது இயல்பு. சர்க்கரையைக் கொட்டி அந்தக் கசப்பை மறைக்கப் போகாதீர்கள், ஒரு வாரத்தில் தானாகக் குறையும். சனிக்கிழமை மீன் பொரிப்பதென்றால் முந்தின வாரமே கடுகைப் போட்டுவிடுங்கள். மிக்ஸியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும் சொல்லவேண்டும். கண்ணில் நீர் கொட்டிவிடும்.

மயோனைஸுக்கு வருவோம். கடையில் வாங்குவதானால் இனிப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கத் தெற்கில் இதற்காகக் குடும்பங்களே இரண்டாகப் பிரிந்து நிற்கும். தென் கரோலினாவின் கிரீன்வில்லில் யூஜீனியா டியூக் என்ற பெண்மணி 1917-ல் சாண்ட்விச் விற்கத் தொடங்கி, அதிலிருந்து வளர்ந்ததுதான் டியூக்ஸ் மயோனைஸ். அதில் சர்க்கரை கிடையாது. லூசியானாக்காரர்கள் 1927-லிருந்து இங்கே விற்கும் புளூ பிளேட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எதிர்வீட்டு அம்மாவின் ஃபிரிட்ஜில் புளூ பிளேட்டைத் தவிர வேறு பாட்டிலை நான் பார்த்ததில்லை. என் ஓட்டு டியூக்ஸுக்கு. இதை அவரிடம் சொன்னதில்லை. இந்தியாவில் கிடைக்கும் சைவ மயோனைஸ் பெரும்பாலும் இனிப்பாக இருக்கிறது. வேறு வழியில்லையென்றால் அதிலேயே செய்யலாம், கடுகையும் எலுமிச்சையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வீட்டில் மயோனைஸ் அடிப்பது கஷ்டமான வேலை இல்லை. இரண்டு மஞ்சள் கருவுக்கு ஒரு கப் எண்ணெய். சூரியகாந்தி மாதிரி வாசமில்லாத எண்ணெயாக இருக்கட்டும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் அடித்தால் கசப்பு ஏறும். எண்ணெயை ஆரம்பத்தில் சொட்டுச் சொட்டாகவும், கெட்டிப்பட்ட பிறகு நூலாகவும் விடவேண்டும். திரிந்துபோனால் கொட்டவேண்டாம். புதிதாக ஒரு மஞ்சள் கருவைத் தனிக் கிண்ணத்தில் அடித்து, திரிந்ததைக் கரண்டி கரண்டியாக அதில் சேர்த்து அடித்தால் திரும்பக் கூடிவரும்.

ஆனால் பச்சை முட்டை. சால்மோனெல்லா பயம் வெறும் வதந்தி இல்லை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் அரசு ஓராண்டுத் தடை போட்டதும் இதனால்தான். நம் வீட்டு முட்டை நல்லது என்ற நம்பிக்கையைக் கிருமி மதிப்பதில்லை. நான் செய்வது இது: இரண்டு மஞ்சள் கரு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் மூன்றையும் சின்னப் பாத்திரத்தில் கலந்து, மிகச் சிறு தீயில் கைவிடாமல் கிளறுவேன். 71 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கிவிட வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து, கரண்டியில் ஒட்டுகிற கெட்டிப்பதம் வருகிற நேரம் அது. இன்னும் விட்டால் முட்டைப் பொடிமாஸ். ஆறியதும் மிக்ஸியில் போட்டு, ஓடவிட்டபடியே எண்ணெய் ஊற்றினால் பளபளவென்று மயோனைஸ் கூடிவரும். எலுமிச்சையும் தண்ணீரும் இருப்பதால்தான் கரு சட்டென்று கட்டிதட்டாமல் அந்தச் சூட்டைத் தாங்குகிறது.

மிஞ்சும் வெள்ளைக் கருவை என்ன செய்வதென்று தூத்துக்குடிக்காரியிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. முந்திரிப் பருப்பும் சர்க்கரையும் இருந்தால் மக்ரூன். ஊரில் மக்ரூன் போடுகிறவர்களுக்கு மஞ்சள் கரு மிஞ்சும். எனக்கு இங்கே வெள்ளை மிஞ்சுகிறது.

இப்போது கலவை. ஒரு கப் மயோனைஸுக்குக் கால் கப் கடுகு விழுது. இது அதிகமாகத் தோன்றும், குறைக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி இனிப்பு பாப்ரிகா, ஒரு தேக்கரண்டி கேஜன் மசாலா (இந்தப் பக்கத்து மிளகாய், பூண்டுப் பொடிக் கலவை), கால் தேக்கரண்டி கேயென் மிளகாய்த்தூள், ஒரு தேக்கரண்டி வூஸ்டர் சாஸ், ஒரு தேக்கரண்டி டபாஸ்கோ அல்லது கிறிஸ்டல் ஹாட் சாஸ், ஒரு மேசைக்கரண்டி பொடியாக நறுக்கிய கேப்பர், இரண்டு மேசைக்கரண்டி வெள்ளரிப்பிஞ்சு ஊறுகாய், ஒரு பல் பூண்டு அரைத்தது, ஒரு செலரித் தண்டு, இரண்டு வெங்காயத்தாள், ஒரு பிடி பார்ஸ்லி. கடைசியாக இரண்டு தேக்கரண்டி ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரின் துருவலும் எலுமிச்சைச் சாறும். உப்பு கடைசியில் பார்த்துப் போடவேண்டும்; ஊறுகாய், கேப்பர், கேஜன் மசாலா எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. வூஸ்டர் சாஸில் நெத்திலி இருக்கும், சைவர்களுக்குப் பரிமாறுகிறவர்கள் கவனிக்க. புளியும் அதில் இருக்கிறது, நம் பங்கு எங்கும் இல்லாமல் இல்லை.

இதை எல்லாம் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கிளறினாலும் சாஸ் வரும். ஆனால் எதிர்வீட்டு அம்மா ஏன் நாளைக்கு வா என்கிறார் என்று கவனித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. இதில் போடுகிற பொருள்களில் சில நேரம் போகப்போக வளர்கின்றன, சில தேய்கின்றன. பாப்ரிகா முதலில் நாக்கில் மாவாக உரசும். ஓர் இரவு ஊறினால் நிறமும் உடம்பும் தந்து கரைந்துவிடும். பச்சைப் பூண்டு வளர்ந்துகொண்டே போகும், அதனால்தான் ஒரு பல்லோடு நிறுத்துகிறேன். மிளகாய்க் காரம் அப்படியே நிற்கும். ஹார்ஸ்ராடிஷ் நேர்மாறு. அதிலும் கடுகில் இருக்கும் அதே வகைக் காரம்தான், காற்றில் பறக்கிற ஜாதி. மறுநாள் தேடினால் பாதிதான் இருக்கும். எலுமிச்சையின் புது வாசமும் அப்படியே. செலரி தண்ணீர் விடும், வெங்காயத்தாள் இரண்டாம் நாள் தாண்டினால் ஒரு நாற்றம் கொள்ளும்.

இது தெரிந்தபின் நான் இரண்டு தவணையாகச் செய்கிறேன். முந்தின இரவு மயோனைஸ், கடுகு, பாப்ரிகா, மசாலா, பூண்டு, வூஸ்டர், ஹாட் சாஸ், கேப்பர், ஊறுகாய். மறுநாள் மீன் பொரிக்க எண்ணெய் காயும்போது செலரி, வெங்காயத்தாள், பார்ஸ்லி, ஹார்ஸ்ராடிஷ், எலுமிச்சை. அந்த அம்மா எல்லாவற்றையும் முந்தின நாளே போடுகிறவர். என் முறையைப் பார்த்து “உனக்கு நேரம் இருக்கு பேபி” என்றார். ஆனால் தன் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னுடையதில் இரண்டாம் முறை தொட்டுக்கொண்டார்.

ஊறுகாயையும் கேப்பரையும் நறுக்கியபின் ஒரு துணியில் கட்டிப் பிழிந்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சாஸ் மறுநாள் நீர்த்துப்போகும், மீனின் மொறுமொறுப்பை நனைத்துவிடும். பிழிந்த சாற்றைக் கொட்டாதீர்கள். புளிப்பு போதாவிட்டால் அதில் ஒரு கரண்டி போதும். நறுக்குவதற்குக் கத்திதான். மிக்ஸியில் விட்டால் செலரி கூழாகி எல்லாம் பச்சை ரத்தமாகிவிடும்.

எண்ணெய் வகை இன்னும் சுலபம். அரை கப் கடுகு விழுது, கால் கப் வினிகர், ஒரு மேசைக்கரண்டி பாப்ரிகா, உப்பு, கேயென் சேர்த்து அடித்து, முக்கால் கப் எண்ணெயை மெல்ல விட்டுக் கூட்டவேண்டும். முட்டை இல்லாமலே ஓரளவு சேர்ந்து நிற்கும். கடுகே அந்த வேலையைச் செய்யும். பிரிந்தாலும் குடி முழுகாது, குலுக்கிக்கொள்ளலாம். இதில் செலரியும் வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் தாராளமாகப் போகும். உப்பு, எலுமிச்சை, பிரிஞ்சி இலை, மிளகாய் போட்ட தண்ணீரில் இறாலை அவித்து, நிறம் மாறியதும் தீயை அணைத்து, கொஞ்ச நேரம் அந்த மசாலாத் தண்ணீரிலேயே ஐஸ் போட்டு ஊறவிட்டு உரித்து, சாஸில் புரட்டி ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குளிர சாப்பிடவேண்டும். பேட்டன் ரூஜ் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அடுப்புக்கு முன்னால் நிற்க மனசில்லாத நாளுக்கு இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது.

ஊரில் இருக்கிறவர்கள் செய்ய: பாப்ரிகாவுக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் அளவில் பாதி போடுங்கள், காரம் அதில் கூட இருக்கும், கேயென் வேண்டாம். ஹார்ஸ்ராடிஷ் கிடைக்காவிட்டால் கடுகைப் பொடித்துத் தண்ணீரில் பத்து நிமிஷம் குழைத்து ஒரு தேக்கரண்டி போட்டால் அந்த மூக்குக் காரம் வந்துவிடும். வெள்ளரிப்பிஞ்சு ஊறுகாய்க்குத் திண்டாட வேண்டியதில்லை. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் விளைந்துதான் வெளிநாடுகளுக்கே போகிறது. இங்கே கடையில் ஜாடியைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் இந்தியா என்று போட்டிருக்கும். செலரி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லி மட்டும் போட்டுவிடாதீர்கள்; அந்த வாசம் வந்த நொடியே இது சட்னியாகிவிடும், அப்புறம் இட்லிதான் வேண்டும்.

தவக்காலத்தில் பங்கில் நான் செய்துகொடுப்பது வாளிக் கணக்கில். பெரிய அளவில் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே மடங்காகப் பெருக்கக் கூடாது. பூண்டும் கேயெனும் உப்பும் பாதி மடங்கில் தொடங்கி, ருசி பார்த்து ஏற்றவேண்டும். அங்கே வீட்டு மயோனைஸ் கிடையவே கிடையாது; வயதானவர்களும் பிள்ளைகளும் சாப்பிடுகிற இடம், கடை மயோனைஸ்தான். சாஸ் வாளியை ஐஸ் நிரப்பிய தொட்டியில் இறக்கி வைப்போம். வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம் வரைதான். வெயில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம். மீந்ததைத் திரும்ப வாளியில் ஊற்றுகிற பழக்கம் நம்மிடமும் உண்டு, அங்கேயும் உண்டு. நான் அந்தக் கிண்ணங்களைக் குப்பையில் போடுவதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இரண்டு நாட்டிலும் இருக்கிறார்கள்.

சிப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பச்சைச் சிப்பியை ஓட்டோடு வைத்து, காக்டெயில் சாஸும் ஹாட் சாஸும் சொட்டி விழுங்குவார்கள். காரமும் எலுமிச்சையும் கிருமியைக் கொன்றுவிடும் என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். கொல்லாது. வெதுவெதுப்பான கடல்நீரில் பெருகும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி ஈரல் நோய் உள்ளவர்களுக்கு உயிராபத்தாகலாம். அதற்கு வேகவைப்பதுதான் வழி. ரெமுலாடோடு சாப்பிட விரும்புகிறவர்களுக்குப் பொரித்த சிப்பி இருக்கவே இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதற்குப் போடக்கூடாது என்பதும் முக்கியம். மிளகாய், மஞ்சள், இஞ்சி பூண்டு தடவிய நம் மீன் வறுவலுக்கு இது ஒத்துவராது. இரண்டு மசாலாவும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கடைசியில் உப்பு மட்டும்தான் தெரியும். உப்பும் மிளகும் போட்டு ரவையிலோ மக்காச்சோள மாவிலோ புரட்டிய மீன், வெறும் உப்பில் அவித்த நண்டு, கணவாய் வளையம், இவற்றுக்கு எடுக்கும். நீள ரொட்டியில் பொரித்த மீனோ இறாலோ வைக்கிற போபாய் சாண்ட்விச்சில் ரெமுலாட் தடவிப் பல இடங்களில் கிடைக்கிறது. பழைய கடைகளில் சாதா மயோனைஸும் தக்காளியும் லெட்டூஸும் ஊறுகாயும்தான், ரொட்டி நன்றாக இருந்தால் எனக்கும் அதுவே போதும். 1929-ல் நியூ ஆர்லியன்ஸ் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னாள் டிராம் ஊழியர்களான மார்ட்டின் சகோதரர்கள் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததுதான் போபாய் என்பார்கள். அந்தச் சகோதரர்களுக்கு அப்போது கடுகை ஊறவைத்துக்கொண்டிருக்க நேரம் இருந்திருக்காது.

கடை மயோனைஸில் செய்தது ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை தாங்கும், வீட்டில் அடித்தது மூன்று நாலு நாள். பச்சை இலைகளைப் போட்டுக் கலந்துவிட்டதை மட்டும் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள். ஃபிரீசரில் வைக்கவேண்டாம், உருகும்போது எண்ணெய் தனியாகப் பிரியும். மீன் தீர்ந்து சாஸ் மிஞ்சினால் அவித்த முட்டையின் மேல் ஒரு கரண்டி, அவித்த உருளைக்கிழங்கோடு ஒரு கரண்டி. என் மகன் தோசைக்குத் தொட்டுச் சாப்பிடுகிறான், அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.